தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ‘குடு’

இந்தக் குறிப்பில் வரும், ஆட்டிசம் உள்ள பையனைக் ‘கண்ணு’ என்றே எழுதுகிறேன். வீட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மாவுக்குக் கண்ணு, அப்பாவைப் பெற்ற ஆத்தாவுக்குச் சாமி, தாத்தாவான அப்பாருக்குத் தங்கம், அப்பாவுக்கு ‘டேய் பையா’. பிறப்புச் சான்றிதழில் இருக்கும் நாலெழுத்துப் பெயர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும்போது மட்டும்தான் பயன்பட்டது. ‘பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை’ என்று முதல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். எந்தப் பேர் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் பிற்பாடு சோதித்தபோது எந்தப் பேருக்கும் அவன் திரும்பவில்லை, அது வேறு விஷயம்.

பெற்றோர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் சிறப்புக் கல்வி படித்தவள். வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியில் பேச்சுப் பழக்குவது என் வேலை.

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையில் ஒரு சிற்றூர். ஓட்டு வீடு, சுவரை ஒட்டியே தறிக்கூடம். எட்டு விசைத்தறி, கூலி நெசவு. அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா தார் சுற்றுகிறார், அதாவது நாடாவுக்குள் வைக்கிற குச்சிகளில் நூல் சுற்றுகிறார். பாவு பிணைக்க ஆள் தேடுவது முதல் டீ வாங்கி வருவது வரை மற்றதெல்லாம் அப்பாரு. கண்ணு ஆத்தாவின் பொறுப்பு. காலையில் தறி ஓடத் தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் பேச்சு என்பது கத்தல், இல்லாவிட்டால் கைஜாடை.

தறிச் சத்தத்தால்தான் பேச்சு வரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டிசம் சத்தத்தால் வருவதில்லை, செல்போனால் வருவதில்லை, அம்மா வேலை பார்ப்பதாலும் வருவதில்லை. ஒரு காலத்தில் தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர்களே எழுதினார்கள். அது தப்பென்று முடிவாகிப் பல பத்தாண்டு ஆகிறது. ஆனாலும் பேச்சுப் பழக்கப் போகிற இடத்தில் என்ன கேட்கிறது, யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரியாமல் வேலையைத் தொடங்க முடியாது. இந்தக் கேஸில் எனக்கு அது தாமதமாகத்தான் உறைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வந்த வழி

ஒன்றரை வயதில் ‘அம்மா’, ‘காக்கா’, ‘பூ’ என்று மூன்று நாலு சொல் இருந்ததாம். இரண்டு வயது நெருங்கும்போது அவையும் போய்விட்டன. வந்த சொல் போவது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளிடம் காண்பதுதான். பெற்றோர் அதை ஏதாவது ஒரு காய்ச்சலோடோ பயணத்தோடோ முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். இந்த வீட்டில் அது பழனிக்குப் போய்வந்த பிறகு.

‘அவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்’ என்று ஆத்தா சொல்லிவிட, ஆறு மாதம் அப்படியே போனது. நடுவில் நாக்கில் வசம்பு தடவிப் பார்த்தார்கள். வசம்புக்குப் ‘பேர் சொல்லாதது’ என்றே ஒரு பேர் உண்டு. பேச்சு வரவழைக்கப் போயும் போயும் பேர் சொல்லக்கூடாத ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள்.

அங்கன்வாடி டீச்சர்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர். பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு வந்த அன்று அவனை முன்னால் நிறுத்தியவரும் அவர்தான். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். முதல் வேலையாகக் காதைப் பார்த்தார்கள். பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் அதுதான் முதல் படி. மூளைவரைக்கும் ஒலி போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிற பெரா பரிசோதனையில் காது நன்றாக இருந்தது. அக்கம்பக்கத்தில் ‘கேக்காத பையன்’ என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஆனால் தறி ஓடுகிற சத்தத்திலும் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டு மூன்று அறை தாண்டி ஓடிவருவானே என்று அம்மாவுக்கு அப்போதே சந்தேகம். இரண்டு வயது ஏழு மாதத்தில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அரசுக் காகிதங்களில் அதற்குப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஓடிவருகிற பையனுக்குப் புற உலகம் தெரியாது என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

அதற்கப்புறம் மூன்று மாதம் டவுனில் ஒரு மையம். நாற்காலியில் உட்காரவைத்து ஆங்கிலப் பட அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டி ‘வாட் இஸ் திஸ்?’ என்று கேட்பார்களாம். அவன் நாற்காலியிலிருந்து வழிந்து மேஜைக்கடியில் போய்விடுவானாம். அங்கே ‘பால்’ என்றால் பந்து, வீட்டில் பால் என்றால் பால். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதனால் எனக்கு ஆங்கிலத்தின் மேல் கோபம் இல்லை. ஆத்தாவுக்குத் தெரியாத மொழியில் ஒரு பிள்ளை ஆத்தாவிடம் எப்படித் தண்ணி கேட்கும் என்பதுதான் என் கேள்வி.

இரண்டு வயது பத்து மாதத்தில் நான் போனேன். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், தலா ஒன்றரை மணி நேரம். மீதி நாட்களில் அம்மா.

முதல் மூன்று நாள்

எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நோட்டும் பேனாவுமாக ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் எண்ணினேன். ஆத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. ‘ஏனம்மிணி, வேடிக்கை பாக்கறதுக்கா காசு?’ என்று கேட்டேவிட்டார்.

வேண்டிய பொருளிடம் மற்றவர் கையைப் பிடித்து இழுத்துப் போனது: 11, 14, 9 தடவை. அழுது வாங்கியது: 6, 8, 5. விரல் நீட்டிக் காட்டியது ஒருமுறைகூட இல்லை. பொருளையும் ஆளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது மூன்று நாளிலும் சேர்த்து ஒன்று. காரியத்துக்கு ஆகிற சொல் பூஜ்யம். சொல்லே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏ பி சி டி-யை இசட் வரைக்கும் ராகத்தோடு சொல்வான். செல்போன் கற்றுக்கொடுத்தது.

இன்னொரு கணக்கும் எடுத்தேன். அவன் கேட்பதற்கு முன்பே ஆத்தா கொண்டுவந்து கொடுத்தது, ஒரே மணி நேரத்தில் 17 தடவை. வாய் வறண்டிருக்கும் என்று தண்ணி, போரடிக்கும் என்று செல்போன், பசிக்கும் என்று முறுக்கு. பெரும்பாலும் ஆத்தாவின் கணிப்பு சரியாகவே இருந்தது. கேட்கத் தெரியாத பிள்ளையின் கண்ணசைவு பார்த்தே வளர்த்தவர் அவர். அந்தப் பாசம்தான் பிள்ளையை இத்தனை நாள் பட்டினி போடாமல் காப்பாற்றியது. ஆனால் அதனாலேயே அந்த வீட்டில் பேச்சுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிருந்தது. பேசினாலும் தண்ணி, பேசாவிட்டாலும் தண்ணி.

அவனுக்குப் பிடித்தது எது என்ற பட்டியலில் முதல் இடம் தார்க்குச்சிக்கு. நூல் தீர்ந்த குச்சியைத் தரையில் உருட்டி, தலையைச் சாய்த்து வைத்து அது சுழல்வதையே பார்த்துக்கொண்டிருப்பான். டவுன் மையத்தின் அறிக்கையில் ‘பொருள்களைச் சுழற்றுகிறான்’ என்று அது ஒரு குறையாகப் பதிவாகியிருந்தது. நான் அதை எங்களுடைய முதல் பொம்மையாக எழுதிக்கொண்டேன்.

ஒரே சொல், நாலு வேலை

முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தாகம் எடுத்துத் ‘தண்ணி’ என்பது ஒன்று. குழாயில் ஒழுகுவதைப் பார்த்துத் ‘தண்ணி’ என்பது வேறு. அம்மா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது இன்னொன்று. ‘தாகமெடுத்தா என்ன குடிப்ப?’ என்று கேட்டதற்கு, தண்ணி கண்ணில் படாமலே ‘தண்ணி’ என்பது நாலாவது. பேச்சை அதன் ஓசையை வைத்துப் பார்க்காமல் அது செய்கிற வேலையை வைத்து இப்படிப் பிரித்தவர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், 1957இல். முதலாவதுக்கு மேண்ட் என்றும் இரண்டாவதுக்கு டாக்ட் என்றும் பெயர் வைத்தார். நமக்கு நாலும் ஒன்றுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் ஒன்று வந்தால் மற்றதும் கூடவே வரும் என்று நம்பி இருக்க முடியாது. பட அட்டையில் ஆப்பிளைச் சொல்கிற பிள்ளை பசிக்கும்போது ஆப்பிள் கேட்காமல் அழுவது அதனால்தான். கேட்டுப் பெறுவதிலிருந்து தொடங்கினால் சொல்லுக்கு உடனே கூலி கிடைக்கிறது. கூலி நெசவுக்காரர் வீட்டில் இதை விளக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

இப்படிக் கூலி கொடுத்துப் பழக்குகிற நடத்தைவழிப் பயிற்சிக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1987இல் உளவியலாளர் ஐவர் லோவாஸ் வெளியிட்ட, வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி பற்றிய ஆய்வு இந்தத் துறையையே மாற்றியது. ஆனால் அந்தப் பயிற்சியில் அதட்டலும் அடியும் இருந்தன. அப்படிப் பயிற்சி பெற்று வளர்ந்தவர்கள் இன்று பெரியவர்களாகி, அது தங்களை என்ன செய்தது என்று பேசுகிறார்கள். அதைக் காதில் வாங்காமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது என்பது என் எண்ணம். அதே 1987இல் கோகல் தம்பதி, ஓடெல் என்ற ஆய்வாளர்கள் வேறு பாதை காட்டினார்கள்: பொருளைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும், பந்து கேட்டால் மிட்டாய் கொடுக்காமல் பந்தையே கொடு, முயற்சி அரைகுறையாக இருந்தாலும் கொடு. விளையாட்டும் வளர்ச்சிப் படிகளும் கலந்த டென்வர் மாதிரியை 18 முதல் 30 மாத வயதுள்ள 48 பிள்ளைகளிடம் இரண்டாண்டு சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். மொழியில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. நான் செய்வது இந்த வழி. முகவாயைப் பிடித்துத் திருப்பி ‘என்னைப் பார்’ என்று சொல்வதில்லை. தட்டிவிட்டால் அதையும் பேச்சாக எடுத்துக்கொண்டு ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கொடுப்பேன்.

என் தப்பு

ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இருப்பது தெரியும், மூடி இறுக்கம். அதில் தார்க்குச்சிகளைப் போட்டு அவன் பக்கத்தில் வைத்தேன். திறக்கப் பார்த்தான், கடித்துப் பார்த்தான், கடைசியில் என் கையைப் பிடித்து மூடிமேல் வைத்தான். நான் மனசுக்குள் ஐந்து எண்ணினேன். அப்புறம் ‘தா’ என்று சொல்லித் திறந்து கொடுத்தேன். ஒரு நேரத்தில் ஒரு குச்சி. மறுபடி மூடினேன்.

‘தா’ என்று தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது: ஓரெழுத்து, நாக்குக்கு எளிது, பொருளும் தெளிவு. ஒன்பதாவது நாளில் என் முகத்தைப் பார்த்து ‘தா’ என்றான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டியில் சிரித்துக்கொண்டே போனேன். மூன்று வாரத்தில் என்னிடம் ஒரு மணி நேரத்துக்கு இருபது ‘தா’. அம்மாவிடம் ஒன்றுகூட இல்லை. ஆத்தாவிடமும் இல்லை. அதே டப்பா, அதே குச்சி.

அம்மா சரியாகச் செய்யவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தொழிலில் சுலபமாகக் கிடைக்கிற விளக்கம் அது. ஒரு வெள்ளிக்கிழமை கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் பேச்சு காதில் விழுந்தது. ‘அந்தக் கோனை இங்க குடு’, ‘சில்லறை குடுங்க’, ‘கொழந்தையக் குடு, நான் வெச்சுக்கறேன்’. அந்த வீட்டில் ‘தா’ என்று யாருமே சொல்வதில்லை. அந்த ஊரிலேயே யாரும் சொல்வதில்லை. செவ்வாய் வெள்ளிகளில் ஸ்கூட்டரில் வருகிற ஒரு பெண்ணிடம் மட்டும் செல்லுபடியாகும் சொல்லை நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். டவுன் மையத்தைக் கிண்டல் செய்துகொண்டே அதே தப்பைத் தமிழில் செய்திருந்தேன்.

‘குடு’வுக்கு மாறினோம். முதல் எழுத்து வரவில்லை; ‘டு’ வந்தது. அதையே ஏற்றுக்கொண்டோம். பத்து நாளில் அம்மாவிடம், இரண்டு வாரத்தில் ஆத்தாவிடம். ஆத்தா அவனிடமே ‘வாங்க சாமி, சாப்புடுங்க’ என்று மரியாதையாகப் பேசுகிறவர். அதனால் சில நாளில் ‘டுங்’ என்றும் ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு அப்பாரு தறிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

‘குடு’வோடு நிற்கக்கூடாது. அது ‘வேணும்’ மாதிரிப் பொதுச்சொல். எதைக் கேட்கிறான் என்று நாம் ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே சீக்கிரமே தனிச்சொற்களுக்குப் போனோம். இந்த விஷயத்தில் தமிழ் வசதியான மொழி, வினையடியே ஏவலாக நிற்கும். பபுள்ஸுக்கு ‘ஊது’, குச்சிக்குச் ‘சுத்து’, தூளிக்கு ‘ஆட்டு’, கதவுக்குத் ‘தொற’, தோளில் ஏறத் ‘தூக்கு’. ஞாயிறுகளில் அம்மா இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிவார். நூல் நூலாக விழுவதைப் பார்க்க அவனுக்கு அத்தனை இஷ்டம். பாதியில் கையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தால் போதும். ‘சுத்து’ என்ற சொல் எனக்கு முன்னால் அந்தச் சந்தகை மிஷினுக்குத்தான் கிடைத்தது.

பொருளே இல்லாத விளையாட்டு ஒன்றும் வைத்திருந்தோம்: உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, ஆளுக்குக் கொஞ்சம் என்று விரல்களை மடக்கி, கடைசியில் நண்டாக ஊர்ந்து அக்குளில் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அது. எங்கள் பாட்டிமார் எந்தப் பயிற்சி முறையும் படிக்காமலே கண்டுபிடித்தது. ஒரே வரிசை, ஒரே தாளம், முடிவு தெரியும், ஆளின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். ஆத்தா இதில் கெட்டிக்காரர். அக்குள் வரைக்கும் போய் விரலை நிறுத்திக் காத்திருக்கச் சொன்னேன். மூன்றாவது நாள் அவன் ஆத்தாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் ஆத்தாவின் விரலைத் தானே பிடித்து அக்குளில் வைத்தான். சொல் வர இன்னும் ஒரு மாதம் ஆனது. ஆனால் அந்தப் பார்வையை நோட்டில் தனிக் கட்டத்தில் எழுதினேன்.

கரண்ட் போன நாள்

இரண்டாவது மாதம். பகல் பதினொன்று இருக்கும், கரண்ட் போய்விட்டது. எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த மாதிரி வீடுகளில் அந்த அமைதி காதை அடைக்கும். கண்ணு உருட்டிக்கொண்டிருந்த குச்சியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, ‘டக்கட... டக்கட...’ என்றான்.

தறியைத்தான் சொன்னான். இழுப்பும் நிறுத்தமும் அச்சு அசல். தானாக அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்ட முதல் ஓசை அது. செல்போன் பாட்டு அல்ல, எழுத்து வரிசை அல்ல. நான் ‘டக்கட டக்கட’ என்று திருப்பிச் சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி சொன்னான். நான் சொன்னேன். வேகத்தைக் கூட்டினேன், கூட்டினான். திடீரென்று நிறுத்தினேன். காத்திருந்தான், பிறகு சிரித்துக்கொண்டு அவனே தொடங்கினான். நாற்பது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்து உண்மையான தறிகள் எங்கள் விளையாட்டைக் கெடுக்கும் வரை முப்பது தடவைக்கு மேல் முறை மாற்றி முறை நடந்தது. பிள்ளையைப் பின்பற்றச் செய்யுமுன் நாம் பிள்ளையைப் பின்பற்றுவது இந்த முறையில் அடிப்படைப் பாடம். எனக்கும் தெரியும். ஆனால் சாதாரண நாளில் அந்தச் சத்தத்துக்குள் அவன் வாய்க்குள்ளே முணுமுணுப்பது யார் காதில் விழும்?

அதிலிருந்து இடத்தை மாற்றினோம். சொல் பழக்கும் நேரம் கூடத்திலிருந்து வீட்டின் பின்பக்கத்துப் பொடக்காளிக்குப் போனது. வேப்பமரத்தடி, தறிச் சத்தம் பாதி.

ஆத்தாவும் ஐந்து எண்ணிக்கையும்

காத்திருப்பது சொல்லச் சுலபம். செல்போன் கேட்டு அவன் தரையில் விழுந்து புரண்டபோது ஆத்தா என்னைப் பார்த்தார். ‘கொழந்தைய அழுக வெச்சுப் பாக்கறதுதான் உங்க வைத்தியமுங்களா?’ அம்மிணி போய் ‘உங்க’ வந்துவிட்டது. கோபம் என்று புரிந்தது. அவர் கேட்டது நியாயம்தான். முன்பு அழுதால் கிடைத்தது இப்போது கிடைக்காவிட்டால் பிள்ளை முதலில் இன்னும் அதிகமாக அழும். அந்த இரண்டு வாரத்தை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லாதது என் பிழை.

உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். சோறு, தண்ணி, தூக்கம், பயம் இந்த நாலையும் பணயம் வைக்கமாட்டோம். அவை எப்போதும்போல் கிடைக்கும். விளையாட்டுப் பொருளுக்கும் தின்பண்டத்துக்கும் மட்டும் ஐந்து எண்ணிக்கை காத்திருப்போம். அதற்குள் பார்வையோ கைநீட்டலோ சத்தமோ எது வந்தாலும் கொடுத்துவிடுவோம். வராவிட்டால் சொல்லை எடுத்துக்கொடுத்துவிட்டுக் கொடுப்போம். அழுகையின் உச்சத்தில் பாடம் நடத்தமாட்டோம். ஆத்தா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: ‘அஞ்சு எண்றதெல்லாம் எனக்கு வராது, நான் முருகா முருகான்னு அஞ்சு தடவ சொல்லிக்கறேன்.’ அது எண்ணுவதைவிடக் கொஞ்சம் நீளம். இன்னும் நல்லதாகப் போயிற்று.

நாலாவது மாதம் வேறொரு சிக்கல். பால் வேண்டுமென்றால் ‘பால் வேணுமா?’ என்று வந்து நின்றான், கேள்விக்குரிய இழுப்போடு. கேட்டதை அப்படியே எதிரொலிப்பது இந்தப் பிள்ளைகளுக்கு இயல்பு. அவனுக்கு அந்த வாக்கியம் முழுதாகப் ‘பால் வருகிறது’ என்பதன் பெயர். தப்பு எங்கள் பக்கம். நாளெல்லாம் ‘வேணுமா? வேணுமா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். கேள்வி கேட்பதை நிறுத்தி, அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்திலிருந்து சொல்லச் சொன்னேன்: டம்ளரைக் காட்டி ‘பால் வேணும்’, தூக்கும்போது ‘தூக்கு’. வாக்கியத்தின் கடைசியை அவனுக்கு விட்டுவைப்பதும் உதவியது. ‘ஒண்ணு, ரெண்டு...’ என்று நிறுத்தினால் ‘மூணு!’ என்று குதித்தான். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால் ‘கண்ணு பந்தை...’ என்று நிறுத்தினால் ‘போடு’ அவனுக்குத் தயாராக இருக்கும். ‘வேணுமா’ முழுதாகப் போக இரண்டு மாதம் ஆனது. களைத்திருந்தால் இப்போதும் தலைகாட்டும்.

அப்பா

ஐந்து மாதம் வரை அப்பா இதில் இல்லை. தறியை விட்டு வரமுடியாது என்பது உண்மைதான், வர மனசில்லை என்பதும் உண்மை. அப்புறம் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றன. அந்த அமைதி கண்ணுவை முதல் மூன்று நாள் படாதபாடு படுத்தியது. தூக்கமில்லை, சொற்களும் குறைந்தன. அப்பா கையில் வேலையில்லாமல், கடன்காரர் போனை எடுக்காமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள், தறியில் குறுக்கே ஓடி நூல் கோக்கிற நாடாவில் பழையது ஒன்றை எடுத்து மணலில் ரயில் மாதிரி ஓட்டினார். கண்ணு பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அப்பா ஓட்டினார், நிறுத்தினார். ‘ஓட்டு’ என்றான். அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. ‘தறி ஓட்டறது’ என்று நாள் முழுக்க அந்த வீட்டில் புழங்குகிற சொல்.

தறி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிடம் அப்பாவுடையது என்று ஆகிவிட்டது. அந்த மாதக் கணக்கு அத்தனை நன்றாக ஏறியதற்கு அதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

எண்கள் இவை. நோட்டில் இரண்டு கட்டம் வைத்திருந்தேன், ‘தானாக’ என்று ஒன்று, ‘எடுத்துக்கொடுத்து’ என்று ஒன்று. மூன்றாவது மாத முடிவில் ஒரு மணி நேரத்துக்குத் தானாக 7, எடுத்துக்கொடுத்து 22. ஆறாவது மாதம் 31-உம் 18-உம். பத்தாவது மாதம் தானாக 46; தனிச்சொற்கள் 64, இரண்டு சொல் சேர்க்கை ஒரு டஜனுக்கு மேல். நடுவில் எட்டாவது மாதம் காய்ச்சல், அதன் பின் உறவில் ஒரு கல்யாணம் என்று மூன்று வாரம் விட்டுப்போய், 34 ஆக இருந்தது 15க்கு இறங்கியது. ஏற ஒரு மாதம். இது ஒரே பிள்ளையின் கணக்கு. பத்து மாதம் வளர்ந்ததே பாதி வேலையைச் செய்திருக்கலாம். ஒப்பிட இன்னொரு கண்ணு இல்லை.

பழகாத இடத்தில் சொல் நிற்கிறதா என்று பார்க்கக் காங்கேயம் பக்கம் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி வீட்டுக்குப் போகச் சொன்னேன். அங்கே ஒரு கன்றுக்குட்டி. அம்மிச்சி அதைக் ‘கன்னு, வா’ என்று கூப்பிட, மாடு அடைக்கிற தொண்டுப்பட்டியின் மறுபக்கத்திலிருந்து இவன் திரும்பிப் பார்த்து ஓடிவந்தானாம். போனில் சொல்லும்போது அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பத்து மாதத்துக்கு முன்னால் எந்தப் பேருக்கும் திரும்பாதவன், மாட்டுக்கன்றைக் கூப்பிட்டதற்குத் திரும்பியிருக்கிறான்.

இப்போது

மூன்று வயது பத்து மாதம். அங்கன்வாடிக்குப் போகிறான், மற்ற பிள்ளைகளோடு விளையாடுவது இன்னும் பக்கத்தில் உட்காருவது வரைக்கும்தான். ‘ஏன்’, ‘எப்போ’ எதுவும் புரியாது. அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் பதில் இல்லை. கேட்டுப் பெறும் சொல் ஓடுகிற வேகத்துக்குப் பார்த்ததைப் பகிர்ந்துகொள்ளும் சொல் வரவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்றும் வேண்டாமல், சும்மா சொல்வதற்காகச் சொன்ன சொல் ஒன்பது மாதம் வரை நோட்டில் ஒன்றுகூட இல்லை.

பத்தாவது மாதத்தில் ஒரு செவ்வாய், மறுபடி கரண்ட் போனது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, தறிக்கூடத்தைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்து, ‘கரண்டு போச்சு’ என்றான். ஆத்தா உள்ளேயிருந்து ‘ஆமாஞ் சாமி, போச்சுங்’ என்று சர்வசாதாரணமாகப் பதில் சொன்னார். அவருக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். எனக்கு எழுதக் கை ஓடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்ணக் குச்சிகளை வகை பிரிக்கிற விளையாட்டை நான் கொஞ்சம் இழுத்துக்கொண்டே போனேன். அவனுக்கு அலுத்துவிட்டது. பக்கத்தில் எட்டுத் தறியும் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, ‘கரண்டு போச்சு’ என்றான். கேட்டுப் பெறுதல் கட்டத்தில் எழுதிக்கொண்டு, கடையைக் கட்டினேன்.